நீர்யானைப் பல்லுக்கு எந்த ஊர்?

செத்துப் பல்லாயிரம் ஆண்டாகிவிட்ட மிருகத்துக்காக வாதாடுவதைப் போல ஒரு கசப்பான தொழில் உலகத்தில் இல்லை: கட்சிக்காரன் வாய் திறக்க மாட்டான், கேட்கிறவர்கள் வாயை மூட மாட்டார்கள்.

உங்களிலும் சிலருக்கு இந்த நோவு தெரிந்திருக்கும். காப்புறுதி விற்றவர்கள், கல்யாணம் பேசித் திரிந்தவர்கள், வீடு வீடாகப் போய் டெங்கு நுளம்பைப் பற்றி விளக்கம் கொடுத்தவர்கள் என்று எத்தனை பேர். உண்மையைச் சொன்னால் கதவு சாத்துவார்கள், பொய்யைச் சொன்னால் தேத்தண்ணி தருவார்கள் என்று வயது போன பிறகு கண்டுகொண்ட எல்லாருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழில் ஒரு தகரப் பெட்டி. ஓய்வு பெற்ற நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன அறிவியல் கழகம் நடத்தினோம். பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், மாடிக் குடியிருப்பு என்று கூப்பிட்ட இடமெல்லாம் பெட்டியைக் கொண்டுபோய், இந்தத் தீவில் முன்னொரு காலத்தில் திரிந்த மிருகங்களைப் பற்றிச் சொல்வோம். கழகத்தில் சிலர் பிள்ளைகளிடம் வெளிநாடு போனார்கள், சிலர் ஒரேயடியாகப் போனார்கள். மிஞ்சியது நான், பெட்டி, அதை ஏற்றி இறக்குகிற மாரிமுத்துவும் அவருடைய திரீவீலும். நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில், ஓர் அறையில் இருக்கிறேன். மாரிமுத்து தெமட்டகொடையில் இருக்கிறார். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்.

பெட்டிக்குள் சாந்தில் வார்த்த ஒரு சிங்கத் தலை, ஒரு காண்டாமிருகக் கொம்பு, ஒரு நீர்யானைக் கடைவாய்ப் பல், கொஞ்சம் படங்கள். அந்தப் பல்லுக்கு மட்டும் அசலும் உண்டு. அது ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பஞ்சில் பொதிந்து கிடக்கும். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்று, அந்த அசலை அச்சாக வைத்து, மாரிமுத்துவின் வீட்டுப் பின்பக்கத்தில் நாங்கள் இருவரும் வார்த்ததுதான் சாந்துப் பல். தேயிலைச் சாயமும் பழுப்புச் சப்பாத்துப் பொலிஷும் பூசிக் காயவைத்தோம். அசலைவிட அழகாகிவிட்டது. அதுவே ஒரு கெட்ட சகுனம்.

என் தொழில் தர்மம் இவ்வளவுதான்: சாந்துக்குப் பொய், பல்லுக்கு மெய். சாந்தைப் பற்றி எந்த அண்டப்புளுகும் புளுகுவேன், அதற்கு ரோஷம் கிடையாது. டின்னைத் திறந்தால் ஒரு சொல் கூட்ட மாட்டேன். எனக்கு மிச்சமிருக்கிற ஆசையும் இவ்வளவுதான்: எங்கள் சனம் போய்வருகிற இடம் ஒன்றில், கண்ணாடிக்குள், ‘நீர்யானை, இரத்தினபுரி’ என்று எழுதிய பலகையோடு அந்தப் பல் உட்கார வேண்டும். பெரிய நூதனசாலைகளில் இதைவிட நல்ல பல்லுகள் இழுப்பறைகளில் உறங்குகின்றன. இன்னொன்றையும் அங்கே படுக்கப்போட எனக்கு மனமில்லை. அதற்காக என் கட்டிலுக்கடியிலும் விட முடியாது. நான் போன பிறகு அறையைக் காலிசெய்ய வருகிறவன் டின்னை வைத்துக்கொண்டு பல்லைத் தெருச் சாக்கடைக் கானுக்குள் எறிவான்.

வெற்றிலைக் கூட்டு

பல் கிடைத்தது இரத்தினபுரிப் பக்கம் ஒரு மாணிக்கக் குழியில். அங்கே குழி வெட்டுகிறவர்கள் கீழேயுள்ள சரளை மண் மட்டும் போய், அதைக் கூடையில் அள்ளித் தண்ணீரில் அரித்துக் கல் தேடுவார்கள். கல் இல்லாததெல்லாம் அவர்களுக்கு மண். எலும்பு வந்தாலும் மண், பல் வந்தாலும் மண். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் குழிக்குள் தள்ளி மூடிவிட்டு அடுத்த குழிக்குப் போவார்கள். எத்தனை காண்டாமிருகங்கள் இப்படி இரண்டாம் தடவை அடக்கம் செய்யப்பட்டனவோ தெரியாது.

கழகத்தார் நாங்கள் போன அன்று குழியோரம் வாயில் ஒரு பல்லும் இல்லாத முதிய சிங்களவர் ஒருவர் குந்தியிருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். உரல் ஒரு தேங்காய்ச் சிரட்டை. உலக்கையைப் பார்த்ததும் நானும் அவர் பக்கத்தில் குந்திவிட்டேன். கறுத்த பழுப்பு, கனம், தேய்ந்த முகத்தில் மூன்று இலை விரித்தது போன்ற கோலம். நீர்யானையின் கடைவாய்ப் பல்லுக்கு அதுதான் கைநாட்டு. எங்கே எடுத்தது என்று கேட்டேன். தாமே இறங்கி வெட்டிய குழியில், சரளைக்குள், என்று காலால் இடத்தைக் காட்டினார். பட்டணத்துக்குப் போய் ஓர் இரும்பு உரலும் உலக்கையும் வாங்கிவந்து கொடுத்துப் பல்லைக் கேட்டோம். அவர் பல்லை இடுப்புச் சாரத்தில் துடைத்து, இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தந்தார். சிங்களத்தில் அவர் சொன்னது தமிழில் இது: “எனக்கு வாய் இருக்குது, பல் இல்லை. இதுக்குப் பல் இருக்குது, வாய் இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்துதான் இவ்வளவு காலமும் வெற்றிலை தின்றோம்.”

தேங்காய் விழுத்திய சிங்கம்

கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபம். எங்கள் சிங்கத் தலை மேசையில் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. இந்த மண்ணில் சிங்கம் இருந்ததற்கு மெய்யாகக் கிடைத்த சாட்சி ஒன்றிரண்டு பல்லுத்தான். மீதித் தலை, பிடரி, முறைப்பு எல்லாம் நாங்கள் சாந்தில் ஊகித்தவை. ஆகவே எனக்குத் தாராளமான சுதந்திரம். “இந்தச் சிங்கம் ஒரு நாள் களனி கங்கையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தது. தன் நிழலைப் பார்த்து ஒரு கர்ச்சனை. கரையிலிருந்த அத்தனை தென்னையிலும் காய் உதிர்ந்துபோச்சு. அந்தத் தேங்காய் பொறுக்க வந்தவர்கள்தான் கொழும்பின் முதல் குடிகள்” என்றேன். முன்வரிசையில் இருந்த பலசரக்குக் கடை முதலாளி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்தக் காலத்துத் தேங்காய் பெரிசாகத்தான் இருந்திருக்கும் என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கமும் சொன்னார்.

பிறகு டின்னைத் திறந்தேன். குரலைத் தாழ்த்தி, ஒரு சொல்லும் கூட்டாமல், உள்ளதைச் சொன்னேன். நீர்யானைக்கு ஆறும் வேண்டும், கரையில் மேயப் புல்லும் வேண்டும். சிங்கத்துக்கு ஓடித் துரத்த வெளி வேண்டும். ஆகவே இன்று குடையில்லாமல் இறங்க முடியாத இரத்தினபுரியில் ஒரு காலம் புல்வெளி விரிந்து கிடந்திருக்க வேண்டும். பிறகு மழை கூடிக் காடு மூட, மேய்ந்ததுகள் பட்டினி, மேய்ந்ததைத் தின்றதுகளும் பட்டினி என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். முதலாளி பல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்: “ஐயா, சிங்கக் கதையோட நிப்பாட்டியிருக்கலாம். இரத்தினபுரியில நீர்யானையாம், நாங்களும் நாலெழுத்துப் படிச்ச ஆளுங்கதான்.”

மூட்டு நோவு

வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பு ஒன்றில் பெண்கள் சங்கத்துக்குக் காட்டினேன். அமைதியாகக் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, சந்தேகப்படவில்லை. முன்னால் இருந்த அம்மா பல்லை உள்ளங்கையில் வாங்கி எடை பார்த்தபோது, அப்பாடா, கடைசியில் ஒரு மனுஷி என்று என் மனம் குளிர்ந்தது. அவர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பல்லைக் கொடுத்தார். அவர் முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தார். இருவரும் கண்ணால் ஏதோ பேசி முடித்த பிறகு முதல் அம்மா மெதுவாகக் கேட்டார்: “தம்பி, இதை உரைச்சுப் பூசினால் மூட்டு நோவுக்கு நல்லமோ, இல்லாட்டி உள்ளுக்கும் எடுக்கலாமோ?”

மேசைக்கு வரக்கூடாத மிருகம்

வெள்ளவத்தையில் ஒரு மண்டபம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அதன் செயலாளர் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர், பயத்திலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறாதவர். கண்காட்சிக்கு நான் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நீர்யானை, ஓம். காண்டாமிருகம், ஓம். சிங்கம், “அதை நடுவில வையுங்கோ.” அடுத்த படத்தில் வந்து நின்றுவிட்டார். இரத்தினபுரிப் பக்கத்தில் புலியின் எலும்பும் கிடைத்திருக்கிறது. சிங்கமும் புலியும் ஒரே தீவில் இருந்து, இரண்டும் இல்லாமல் போனவை. அதைத்தான் அந்தப் படத்தின் கீழ் எழுதியிருந்தேன்.

“உந்தப் படத்தைப் பெட்டிக்குள்ள விடுங்கோ.” “ஐயா, இது மிருகம்.” “எனக்கு விளங்குது. வாறவைக்கு விளங்குமோ? ஆரும் படமெடுத்து ஃபேஸ்புக்கில போட்டால் ஆர் பதில் சொல்லுறது?” “இது செத்துப் பல்லாயிரம் வருஷம்.” செயலாளர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எனக்குக் கிட்ட வந்து, கணக்கில் பிழை பிடிக்கிற குரலில் கேட்டார்: “செத்தது எண்டு நீங்கள் எழுதிக் கையெழுத்து வைச்சுத் தருவியளோ?”

ஒரே பாதை

கல்கிசையில் ஒரு பெரிய குடியிருப்புக் கட்டடம். பிறந்தநாள் வீட்டுக்குப் பெட்டியைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் காவல் நின்ற இளைஞர் பெட்டியைத் திறந்தார், சிங்கத்துக்குப் புன்னகைத்தார், டின்னைத் திறந்ததும் முகம் மாறியது. “மே மொகத, அங்கிள்?” இது என்ன என்று சிங்களத்தில் கேள்வி. நீர்யானைப் பல், தம்பி, என்றேன். எங்கே எடுத்தது? இரத்தினபுரி. அவர் சிரித்தார். நம்முடைய நாட்டில் ஏது நீர்யானை, ஆபிரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்திருப்பார்கள் என்று அன்பாகத் திருத்தினார். பிறகு மாரிமுத்துவின் அடையாள அட்டையை வாங்கினார். ஊர் எது? தெமட்டகொடை. அதற்கு முன்னால்? ஹட்டன். அதற்கும் முன்னால்? மாரிமுத்து அட்டைக்காகக் கையை நீட்டினார். இளைஞர் கெட்டவர் இல்லை, கேட்டுப் பழகிய கேள்வி, வாயில் தானாக வந்தது. அட்டையைத் திருப்பித் தந்து கேற்றைத் திறந்துவிட்டார்.

திரும்பி வரும்போது காலி வீதி நெரிசலில் வாகனம் நகரவில்லை. மாரிமுத்து கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார், “ஏங்க ஐயா, மெய்யாவே அந்த நீர்யானை இங்கேயே முளைச்சதா?” டின் மடியில் இருந்தது, பொய் சொல்ல வழியில்லை. “இல்லை. கடல் தாழ்ந்து கிடந்த காலத்தில இந்தியாப் பக்கமிருந்து தரையால நடந்து வந்திருக்கும். மன்னார்ப் பக்கமாத்தான் வழி. வந்து, இங்கேயே பெருகி, இங்கேயே செத்தது. வேற ஊர் அதுக்குத் தெரியாது” என்றேன். முன்னால் நின்ற பஸ் கொஞ்சம் அசைந்தது. மாரிமுத்து கியரைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “எங்க பூட்டனும் இந்தியாவுலருந்து மன்னார்ல இறங்கி நடந்துதாங்க மலைக்கு வந்தாரு. அப்ப ஒரே பாதைதான், அது செத்துப்போனதால கேள்வி கொஞ்சம் கம்மி.”

கண்ணாடி அலுமாரி

கடைசியில் எனக்கும் ஒரு நல்ல காலம் வந்தது போல இருந்தது. கனடாவிலிருந்து நகுலன் என்று ஒருவர் வந்தார். தகப்பனாரின் பெயரில் அந்த வெள்ளவத்தை மண்டபத்தின் மேல்மாடியில் பிள்ளைகளுக்கு அறிவியல் அறை ஒன்று அமைக்கிறார். குளிரூட்டி, நிலத்துக்குப் பளபளப்பு ஓடு, நடுவில் ஒரு கண்ணாடி அலுமாரி, உள்ளே மேலிருந்து விழுகிற விளக்கு. அலுமாரிக்குள் வைக்க ஒன்றும் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நான் டின்னைத் திறந்து வைத்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற தகப்பனைப் போல நின்றேன். நகுலன் நல்ல பிள்ளை. பல்லை இரண்டு கையாலும் எடுத்தார், மூன்று இலைக் கோலத்தை விரலால் தடவிப் பார்த்தார், குழியைப் பற்றியும் வெற்றிலை இடித்த கிழவரைப் பற்றியும் கேட்டார். அன்றிரவு நான் இரண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டேன்.

மறுநாள் செயலாளர் பலகையில் எழுதப்போகும் வாசகத்தை நீட்டினார். ‘நீர்யானைப் பல், ஆபிரிக்கா.’ பிழை என்றேன். நகுலன் போனில் நீர்யானையைத் தேடிக் காட்டினார், வந்த படங்கள் எல்லாம் ஆபிரிக்கா. நான் வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைச் சுமந்துகொண்டுவந்து பக்கம் பக்கமாகக் காட்டினேன். அவர் பொறுமையாக வாசித்தார். “ஓம் அங்கிள், நான் நம்புறன்” என்றார். அதுதான் என்னை உடைத்தது. நம்பாதவனோடு சண்டை பிடிக்கலாம், நம்பிவிட்டு மாட்டேன் என்கிறவனை என்ன செய்வது? “நான் நம்பி என்ன? வாற சனம் சிரிக்கும். பலகையில அப்பாவின்ர பேரும் இருக்கு. ஆபிரிக்கா எண்டு போட்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம்.” அது அங்கே இருந்ததில்லை, தம்பி, அது இந்த மண்ணில் பிறந்து இந்த மண்ணில் செத்தது என்றேன். பக்கத்தில் செயலாளர், அலுமாரி கிடைக்கிறதே பெரிய காரியம், விட்டுக்கொடுங்கோ என்று கண்ணைக் காட்டினார். நகுலன் என் தோளில் கையை வைத்தார். ஊர் விட்டு ஊர் போய் அங்கே ஒரு பிள்ளைக்கும் தமிழ் சொல்லிக்கொடுக்க நேரமில்லாமல் உழைத்த களைப்பு அந்தக் கையில் இருந்தது. கோபப்படவும் முடியவில்லை. அவர் சொன்னார்: “ஊர்தானே அங்கிள், மாத்திப் போட்டால் பல்லுக்கு நோகுமோ?”

விளக்கின் கீழ்

கொட்டாஞ்சேனைக்கு வந்து டின்னையும் சாந்துப் பல்லையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு நான் இதுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை. மற்றதுக்கு இன்னும் ஒரு பொய் கூடினால் பாரமில்லை. காலையில் மாரிமுத்து வந்தார். எதைக் கொண்டுபோகிறோம் என்று பார்த்தார். வண்டியை வழமையைவிட மெதுவாக ஓட்டினார், பெட்டிக்குள் ஏதோ நோயாளி இருப்பது போல.

திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம், வடை, பட்டு நாடா வெட்ட ஒரு பெரியவர். விளக்கின் கீழே எங்கள் சாந்துப் பல் நீலப் பட்டில் உட்கார்ந்திருந்தது. கீழே வெண்கலப் பலகை, ‘ஆபிரிக்கா’ என்று மூன்று மொழியிலும். சனம் வரிசையில் வந்து பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை, நகுலன் சொன்னது அச்சொட்டாகச் சரி. கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடை முதலாளியும் வந்திருந்தார். இப்பதான் ஐயா ஒழுங்கா எழுதியிருக்கீங்க என்று என் கையைக் குலுக்கினார். செயலாளர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்து, எங்கள் சப்பாத்துப் பொலிஷின் மினுக்கத்தை வெகுநேரம் ரசித்தார். “அசல் எண்டால் அசல்தான், இந்தப் பளபளப்பு நகலில வராது” என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னார்.

மாரிமுத்து கடைசியாக வந்து பார்த்தார். தெமட்டகொடையில், தன் வீட்டுப் பின்பக்கத்தில், தன் பழைய வாளியில் தானே குழைத்த சாந்து என்று அவருக்குத் தெரியும். கையில் வடை, கண் வெண்கலப் பலகையில். என் காதோரம் வந்து, சிரிக்காமல் சொன்னார்: “எனக்கும் இப்பிடி ஒரு பலகை எழுதிக் குடுங்க ஐயா, எந்த ஊருன்னு போட்டாலும் பரவாயில்லை, மேல ஒரு லைட்டு இருந்தாச் சரி.”

ஆக, சாந்துக்குப் பொய், பல்லுக்கு மெய் என்ற என் தொழில் தர்மம் கடைசிவரை பிசகவில்லை: பொய் வெள்ளவத்தையில் குளிரூட்டிய அறையில் விளக்கின் கீழே வீற்றிருக்கிறது, மெய் கொட்டாஞ்சேனையில் என் கட்டிலுக்கடியில் பிஸ்கட் டின்னுக்குள், கானுக்குப் போகிற நாளைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.